வேலியைக் கண்டவர்: என்ரிக்கோ செர்டோலியும் நமது கரையின் மௌனமும்

கல்முனைக் கரையோரத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதுதான் வழக்கம். வீடு பெண்ணுடையது. அதைக் கட்டி முடிப்பதற்காக வாப்பாவோ காக்காவோ பல வருடங்களை வளைகுடா நாடொன்றில் கழித்திருப்பார்கள். அந்த வீட்டில் ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்தும் தொட்டில் கட்டப்படாவிட்டால் கேள்வி வீட்டுக்காரியிடம்தான் போகிறது. ஓதிய தண்ணீர் குடிப்பவள் அவள். நூல் கட்டிக்கொள்பவள் அவள். வைத்தியசாலையில் இலக்கம் எடுத்துக் காத்திருப்பவளும் அவள். மலடி என்ற சொல் மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை எல்லோருடைய வாயிலும் வரும். மலடன் என்ற சொல்லும் தமிழில் இருக்கிறது, ஆனால் யாரும் அதை உரத்துச் சொல்வதில்லை.

குழந்தையின்மையில் ஆணின் பங்கு என்ன என்ற கேள்விக்கு விஞ்ஞானம் தேடிய விடையின் முக்கியமான ஒரு துண்டு, 1865ஆம் ஆண்டு இத்தாலியில் ஓர் இளம் மருத்துவ மாணவரின் நுணுக்குக்காட்டியின் கீழ் தென்பட்டது. அவர் பெயர் என்ரிக்கோ செர்டோலி. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். ஆணின் விதைக்குள் விந்தணுக்களை வளர்த்தெடுக்கும் கலங்களுக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தப் பெயருக்குப் பின்னால், அந்நிய ஆட்சியில் பிறந்து, போரால் படிப்பு குழம்பி, மறுபடியும் ஆய்வுகூடத்துக்குத் திரும்பிய ஒரு மனிதர் இருந்தார்.

அந்நிய ஆட்சியில் பிறந்த பிள்ளை

செர்டோலி 1842ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி வட இத்தாலியின் சொந்திரியோ என்ற ஊரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே வல்தெல்லினா பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம் அது. அன்று இத்தாலி என்று ஒரு நாடு இருக்கவில்லை. சொந்திரியோ அடங்கிய லொம்பார்டிப் பிரதேசம் ஒஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. வீட்டில் பேசிய மொழி ஒன்று, ஆண்டவர்களின் மொழி வேறு.

அவருக்கு 17 வயதானபோது, 1859இல் நடந்த போரின் முடிவில் லொம்பார்டி ஒஸ்திரியாவின் கையைவிட்டுப் போனது. 1861இல் இத்தாலிய இராச்சியம் பிரகடனப்படுத்தப்பட்டது. நாடு உருவாகிக்கொண்டிருந்த அந்த வருடங்களில்தான் செர்டோலி பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அங்கே அவருக்கு உடற்றொழிலியல் கற்பித்தவர்களில் ஒருவர் எயுசேபியோ ஏல். உடலை வெட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தும் பார்க்க வேண்டும் என்ற புதிய போக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றிக்கொண்டிருந்தது. நரம்புக் கலங்களை நிறமூட்டிக் காட்டி 1906இல் நோபல் பரிசு பெற்ற கமில்லோ கொல்கியும் அதே பாவியாவில் அதே 1865ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்தான்.

கிளைவிட்ட கலங்கள்

ஆணின் விதைக்குள் நூல்போல மெல்லிய குழாய்கள் சுருண்டு சுருண்டு கிடக்கின்றன. விந்தணுக்கள் அந்தக் குழாய்களின் சுவரிலே உருவாகின்றன என்பது அன்று ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் சுவருக்குள் பார்த்தால் உருண்டையான கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எது எதுவாக மாறுகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம்.

செர்டோலி மனித விதையின் இழையத்தை எடுத்து, பதப்படுத்தி, பொறுமையாகப் பார்த்தார். உருண்டைக் கலங்களுக்கு இடையிலே வேறு வகையான கலங்கள் இருப்பதைக் கண்டார். அவை குழாயின் அடிச்சுவரில் காலூன்றி, உள்வெளியை நோக்கி உயர்ந்து, மரத்தைப்போலக் கிளைவிட்டு நின்றன. அந்தக் கிளைகளுக்கு இடையிலே வளரும் விந்தணுக்கள் கூடுகட்டியவைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்டதை 1865இல் இத்தாலிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கலங்களுக்கும் விந்தணு உற்பத்திக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அப்போது அவருக்கு 23 வயதளவில்தான் இருக்கும்.

போர் குறுக்கிட்டது

பட்டம் பெற்ற பின்னர் மேற்படிப்புக்காக அவர் போன இடம் வியன்னா. பிறந்தபோது தன் ஊரை ஆண்ட அதே பேரரசின் தலைநகரம். அங்கே ஏர்ன்ஸ்ட் புரூக்க என்ற புகழ்பெற்ற உடற்றொழிலியல் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் சிக்மன்ட் ஃபுரொய்டும் அதே ஆய்வுகூடத்தில் வேலை பழகினார்.

ஆனால் 1866 ஜூன் மாதம் இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையில் மீண்டும் போர் மூண்டது. செர்டோலியின் பள்ளத்தாக்கு எல்லையிலேயே இருந்தது. வல்தெல்லினாவின் உச்சியிலுள்ள மலைக்கணவாயைத் தாண்டினால் அப்பால் ஒஸ்திரியாவின் மண். தான் படித்துக்கொண்டிருந்த நாடு எதிரி நாடாகிவிட்டது. அவர் வியன்னாவின் ஆய்வுகூடத்தை விட்டு, தன் நாட்டுக்காக நிற்பதற்காகத் திரும்பி வந்தார்.

பரீட்சை மண்டபத்திலிருந்து அகதி முகாமுக்குப் போனவர்களும், பாதியில் விட்ட படிப்பை முப்பது வயதில் தொடங்கியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்கத் தேவையில்லை. அந்தப் போர் சில வாரங்களிலேயே ஓய்ந்தது. ஓகஸ்ட் மாதம் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் செர்டோலி ஜேர்மனியின் டூபிங்கன் நகருக்குப் போனார். குருதியிலுள்ள ஈமோகுளோபினுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய ஃபெலிக்ஸ் ஹொப்பே செய்லரிடம் பயின்று, குருதி காபனீரொட்சைட்டை எவ்வாறு சுமந்து சென்று நுரையீரலில் விடுகிறது என்று ஆராய்ந்தார். விட்ட இடத்திலிருந்து அவரால் தொடர முடிந்தது. எல்லாப் போர்களும் அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

மாட்டு வைத்தியர்களின் ஆசிரியர்

1870இல் மிலான் நகரின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் கற்பிக்கும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1907 வரை, 37 வருடங்கள் அங்கேயே இருந்தார். மனித விதையில் கண்டுபிடிப்புச் செய்தவரின் மாணவர்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கப் போனவர்கள்.

அந்தக் காலத்தில் அவருடைய கலங்களைப் பற்றி ஐரோப்பாவில் பெரிய வாதம் நடந்தது. ஒஸ்திரியரான விக்டர் வொன் எப்னர், அந்தக் கிளைவிட்ட கலங்களிலிருந்தே விந்தணுக்கள் முளைக்கின்றன என்று எழுதினார். ஜேர்மானியர் சிலர் அவை வெறும் முட்டுக்கால்கள் என்றார்கள். செர்டோலி 1878இல் மறுபடியும் எழுதினார். விதைக்குழாயின் சுவரில் இரண்டு வகைக் கலங்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். ஒரு வகை இடம்பெயராமல் நிலையாக நிற்பது. மற்றது பிரிந்து, மாறி, உள்நோக்கி நகர்ந்து கடைசியில் விந்தணுவாவது. நிலையானது நகரும் கலத்தின் தாயல்ல. ஆனால் அது இல்லாமல் நகரும் கலம் வளர்வதில்லை. இன்றைய விஞ்ஞானம் சொல்வதும் இதுவே.

1888இல் அந்தக் கலங்களை செர்டோலியின் பெயரால் அழைத்தவர் அதே வொன் எப்னர். ஒஸ்திரியாவோடு மோதிய நாட்டவரின் பெயரை ஒஸ்திரிய விஞ்ஞானி ஒருவரே நிலைநாட்டினார். 1907இல் ஓய்வு பெற்ற செர்டோலி, 1910 ஜனவரி 28ஆம் திகதி தான் பிறந்த சொந்திரியோவிலேயே காலமானார். அவருக்கு வயது 67.

அவர் காணாத வேலி

தான் கண்ட கலங்கள் செய்யும் மிகப் பெரிய வேலையை செர்டோலி அறிந்திருக்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் வேறு ஆய்வாளர்கள் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். உடலின் பெரும்பாலான உறுப்புகள் நிறம் மாறின. மூளையும் விதைக்குழாய்களின் உட்புறமும் மாறவில்லை. குருதியிலிருந்து வருவதை ஏதோ ஒன்று அங்கே தடுத்தது.

1960களில் பிரையன் செற்செல் போன்ற ஆய்வாளர்கள் விதைக்குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் சேர்க்கை குருதியிலிருந்து வெகுவாக வேறுபடுவதைக் காட்டினார்கள். 1970இல் மார்ட்டின் டிம், டொன் ஃபோசெற் இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டினார்கள். அது செர்டோலி கலங்களுக்கு இடையில் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செர்டோலி கலங்கள் அடிப்பகுதியில் ஒன்றையொன்று இறுகப் பிணைத்துக்கொள்கின்றன. இதுவே குருதி - விதைத் தடுப்பு எனப்படுகிறது.

இந்த வேலி எதற்கு? நமது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி, எது தன்னுடையது, எது அந்நியமானது என்பதைச் சிறு வயதிலேயே பழகிக்கொள்கிறது. விந்தணுக்களோ பருவமடைந்த பின்னர்தான் தோன்றுகின்றன. அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை நிர்ப்பீடனத் தொகுதி அதற்கு முன்னர் கண்டதில்லை. கண்டால் கிருமி என்று நினைத்துத் தாக்கக்கூடும். அதனால் பருவமடையும் காலத்திலேயே செர்டோலி கலங்கள் வேலியை எழுப்பிவிடுகின்றன. விந்தணுக்கள் வேலிக்கு உள்ளே வளர்கின்றன. அவற்றுக்கான உணவையும் ஓமோன் சைகைகளையும் செர்டோலி கலங்களே கொண்டுபோய்க் கொடுக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விந்தணுவின் மூலக்கலங்கள் வேலிக்கு வெளியே, அடிச்சுவரோரம் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் கலங்கள் ஒரு கட்டத்தில் வேலியைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். வேலியைத் திறந்துவிட்டால் பாதுகாப்புப் போய்விடும். செர்டோலி கலங்கள் செய்வது இதுதான்: கலத்துக்குப் பின்னால் புதிய பிணைப்பை முதலில் கட்டுகின்றன, அதற்குப் பிறகே முன்னாலுள்ள பழைய பிணைப்பை அவிழ்க்கின்றன. இரண்டு படலைகளும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய நமக்கு இது புரியும். ஆனால் இந்தச் சாவடி உள்ளே போகிறவரைக் காப்பதற்காக இருக்கிறது.

வேலி உடையும்போது

விதையில் பலத்த அடி விழுந்தால், குண்டுச் சிதறல் பாய்ந்தால், விதை முறுகிக்கொண்டால், கடுமையான தொற்று ஏற்பட்டால் இந்த வேலி பழுதடையலாம். அப்போது நிர்ப்பீடனத் தொகுதி விந்தணுக்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்கக்கூடும். அவை விந்தணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, நீந்த முடியாமல் செய்யலாம். பருவமடைந்த பின்னர் கூகைக்கட்டு வந்தவர்களில் சிலருக்கு விதை வீங்குவது உண்டு. அதற்குப் பிறகு விதை சுருங்கிப்போகலாம். கூகைக்கட்டுக்கான தடுப்பூசி இலங்கையின் தேசியத் திட்டத்தில் 2011இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் வளர்ந்தவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. சிலருடைய விதைக்குழாய்களில் செர்டோலி கலங்கள் மட்டும் இருக்கும், விந்தணுவாக மாற வேண்டிய கலங்கள் இருக்காது. வீடு இருக்கும், பிள்ளைகள் இல்லை. சிலருக்கு இது வை நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இல்லாமல் போனதால் வருகிறது. சிகரெட் புகையில் இருக்கும் கட்மியம் என்ற உலோகம் விலங்குகளில் இந்த வேலியைச் சிதைப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. உடற்பயிற்சி நிலையங்களில் தசை பெருக்க டெஸ்டஸ்டரோன் ஊசி போடும் இளைஞர்கள் அறிய வேண்டியது ஒன்று: வெளியிலிருந்து அந்த ஓமோன் வந்தால், மூளை விதைக்கு அனுப்பும் சைகை குறைந்து விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம்.

போரில் காயப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு விடயம் சொல்ல வேண்டும். தடுப்பில் இருந்தபோது அடி வாங்கியவர்களும், ஷெல் வீச்சில் இடுப்புக்குக் கீழே காயப்பட்டவர்களும் இதை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். ஒரு விதை பழுதடைந்தாலும் மற்றது நலமாக இருந்தால் பிள்ளை பெறும் வாய்ப்பு உண்டு. முள்ளந்தண்டு காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் பலருக்கு விந்தை வெளியேற்றுவதுதான் சிரமம். விதைக்குள் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கலாம், அதை வைத்தியர்கள் எடுக்கவும் முடியும். காயத்தின் கதையை வைத்தியரிடமாவது சொன்னால்தான் அவர் சரியான இடத்தில் தேடுவார்.

முதல் பரிசோதனை யாருக்கு?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். குழந்தையில்லாத சோடிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் ஒன்றாக வைத்தியரிடம் போக வேண்டும். மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். இந்த ஒரு வருடக் கணக்கில் ஒரு கவனம் தேவை. கணவர் கட்டாரில் இருந்து விடுமுறையில் ஒரு மாதம் வந்து போனதை வருடக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட பெண்களிடமும் கேள்வி கேட்கத்தான் செய்கிறார்கள்.

பெண்ணுக்கு ஸ்கேனும் சத்திரசிகிச்சையும் செய்வதற்கு முன்னர் ஆணின் விந்துப் பரிசோதனையைச் செய்வது இலகு. செலவும் குறைவு, வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்த பின்னர் மாதிரி கொடுத்தால் போதும். ஒரு மில்லிலீற்றரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கீழெல்லை. அதைவிடக் குறைந்தாலும் உடனே மனம் தளரத் தேவையில்லை. ஒரு விந்தணு விதைக்குழாயில் உருவாக 64 நாட்களளவில் எடுக்கிறது. பிறகு முதிர்ந்து வெளியே வர இன்னும் இரு வாரங்கள்வரை ஆகலாம். இன்றைய அறிக்கையில் தெரிவது இரண்டரை மாதத்துக்கு முந்தைய உடல்நிலை. அப்போது கடும் காய்ச்சல் இருந்திருந்தால் எண்ணிக்கை இறங்கியிருக்கும். அதனால்தான் சில மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாதவர்களுக்கும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 1992 முதல், ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. அதை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர்களில் முன்னின்ற ஜியான்பியரோ பலேர்மோவும் ஓர் இத்தாலியரே. சிலருடைய விதைக்குள்ளே சத்திரசிகிச்சையில் தேடினால் அந்த ஒற்றை விந்தணு கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. செலவு பெரியது, முடிவுக்கு உத்தரவாதமும் இல்லை. மார்க்கத்தில் இடம் உண்டா என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். கணவனின் விந்தணுவையும் மனைவியின் முட்டையையும் கொண்டு, திருமண உறவுக்குள் செய்யும் சிகிச்சை ஆகும் என்ற தீர்ப்பு 1980இலேயே எகிப்திலிருந்து வந்துவிட்டது. மூன்றாம் நபருடையதைச் சேர்ப்பதையே அது தடுத்தது.

பிள்ளை கொடுப்பவன் அல்லாஹ் என்பதில் நமது ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. முதுமையில் பிள்ளை வரம் கேட்டுக் கையேந்திய ஸகரிய்யா நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் குர்ஆன் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். அங்கே தன் குறையைச் சொல்லி இறைஞ்சியவர் ஓர் ஆண். தன் முதுமையையும் அவரே வாய்விட்டுச் சொன்னார், மனைவியை மட்டும் முன்னால் தள்ளவில்லை.

செர்டோலி முப்பத்தேழு வருடங்கள் கால்நடை வைத்தியர்களுக்குக் கற்பித்தவர். நமது வயல்வெளிகளில் மாடு வளர்ப்பவர்களுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் ஒரே விடயம் தெரிந்திருக்கும். பசு சினைப்படவில்லை என்றால் நாம்பனையும் பார்க்க வேண்டும். பட்டியில் தெரிந்த இந்த நியாயம் வீட்டுக்குள் வருவதில்லை.

நூற்று அறுபது வருடங்களுக்கு முன்னர் ஓர் இளைஞர் ஆணின் உடலுக்குள் பார்க்கத் துணிந்தார். அடுத்த முறை வீட்டில் மாமியோ மச்சியோ கேள்வியைத் தொடங்கும்போது, நானும் பரிசோதித்துக்கொள்கிறேன் என்று கணவன் முந்திச் சொன்னால் போதும். அவள் தனியாகச் சுமந்த பாரத்தில் பாதி அன்றே இறங்கிவிடும்.